பவளம் மெத்தைக் கடையின் நான்கு சொற்கள்

மழை விட்டிருந்த ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமைக் காலையில் இலவங்குளத்து விளம்பரப் பலகைகளில் இருந்த சொற்கள் கீழே இறங்கி, தங்களை யார் வாசித்தார்களோ அவர்கள் பின்னாலேயே வீட்டுக்கு நடக்கத் தொடங்கியபோது, ஊரில் எழுந்த முதல் கேள்வி, இவற்றுக்கு என்ன தீனி போடுவது என்பதுதான்.

பெரிய எழுத்துச் சொற்கள் ஆட்டுக்குட்டி உயரம் இருந்தன. பொடி எழுத்துச் சொற்கள் கோழிக்குஞ்சு போலக் கால்களுக்கு நடுவே ஓடின. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக, புது பிளெக்ஸ் வாசனையோடு, பேருந்து நிலையத்திலிருந்து அவை பொலபொலவென்று இறங்கி வந்தன. ஆனாலும் பலகைகளில் எழுத்து குறையவில்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு குறைவதில்லையே, அதுபோல எத்தனை பேர் வாசித்தாலும் அத்தனை பேருக்கும் ஒரு வரிசை இறங்கியது. சோறு வைத்தார்கள், தின்னவில்லை. தண்ணீர் வைத்தார்கள், குடித்தன. வாசலில் படுத்துக்கொண்டு தங்களைத் தாங்களே முணுமுணுத்துக்கொண்டிருந்தன. வெயில் பட்டுப்பட்டு நிறம் போனதும் ஒரு நாள் கோலமாவு போல உதிர்ந்தன, பெண்கள் அதைக் கூட்டி அள்ளி முருங்கை மரத்தடியில் கொட்டினார்கள், அந்த வருடம் முருங்கை நன்றாகக் காய்த்தது.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. மினி பஸ் கண்டக்டர் சொற்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் சீட்டில் உட்காரக் கூடாது என்று சட்டம் போட்டார். பெருமாள் கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்பவர் சொற்களுக்கும் டோக்கன் கொடுத்தார். சாவுச் சுவரொட்டிகளிலிருந்து வந்த சொற்கள் மட்டும் மிகவும் பதவிசானவை. வீட்டுக்குள் நுழையாமல், தண்ணீர் கேட்காமல், தெருமுனையிலேயே தலை குனிந்து நின்றுவிட்டுப் போயின. நூலகத்துக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டு வீடு திரும்பிய ஒரு கணவர், தமக்குப் பின்னால் ‘குளிரூட்டப்பட்ட பார் வசதி உண்டு’ என்று நான்கு சொற்கள் குதித்து வருவதைக் கவனிக்காமல் மனைவியிடம் புத்தகங்களைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். கல்யாணத் தரகர்கள் பெண் வீட்டார் வாசலில் என்னென்ன சொற்கள் கிடக்கின்றன என்று எட்டிப் பார்த்தே ஜாதகத்தில் பாதியைக் கணித்தார்கள். நகராட்சி ஆட்டோ தெருத்தெருவாகப் போய், பொதுமக்கள் தாங்கள் வாசித்த சொற்களுக்குத் தாங்களே பொறுப்பு என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் போனது. வாசிக்காமல் நடக்கப் பழகியவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள், முட்டியவர்கள் சிரித்தார்கள். அந்த ஐப்பசியில் எங்கள் ஊரில் சிரிப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

பெரிய வேடிக்கை ‘மற்றும்’தான். எந்தக் கடைப் பலகையானாலும் ஒரு மற்றும் இருக்கும், அது பொடியாக இருக்கும், குட்டைக் கால்களோடு எல்லாச் சொற்களுக்கும் பின்தங்கித் தொலைந்துபோகும். ஊரெங்கும் யாருக்கும் சொந்தமில்லாத மற்றும்கள் திரிந்தன. அவற்றுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இரண்டு பேர் தள்ளித் தள்ளி நின்றால் ஓடிப்போய் நடுவில் நின்றுகொள்ளும். பேருந்துக்குக் காத்து நின்ற முன்பின் தெரியாத இரண்டு பேர் நடுவில் அப்படி ஒரு மற்றும் நின்றுவிட்டால், அவர்கள் எதையாவது பேசிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

வணிகர்களுக்கு ஒரே கொண்டாட்டம். வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் வீரபுத்திரன் எழுந்து பேசினார். “இதுவரைக்கும் சனம் கடைக்கு வந்துச்சு. இனிமே கடையே சனத்து வீட்டுக்குப் போகுது. அதனால சிக்கனம் பாக்காதீங்கப்பா. ஒரு வீட்டுக்கு ஒரு லாரி சொல்லு போயி இறங்கணும்!” கைதட்டல் அடங்க வெகுநேரமானது. மறுநாளே எல்லாப் பலகைகளும் இரண்டு மடங்காயின. ஊறுகாய்க் கடைப் பலகையில் கடைக்காரரின் தாத்தா எந்த வருடம் பர்மாவிலிருந்து திரும்பினார் என்பதுகூட ஏறியது.

இந்த வீரபுத்திரனின் தங்கை மகள்தான் பவளக்கொடி. ஊரில் எல்லோருக்கும் பவளம்.

பவளம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆறு வருடம் இருந்தவள். அங்கே விடுதியில் ஷிப்டு முடிந்து வருகிறவள் படுக்க, ஷிப்டுக்குப் போகிறவள் எழுந்து பாயைக் கொடுத்துவிட்டுப் போவாள். சிமெண்டுத் தரையில், இன்னொருத்தியின் உடம்புச் சூடு ஆறாத பாயில், குழல்விளக்கு வெளிச்சத்தில் தூங்கித் தூங்கி, உலகத்தில் நல்ல தூக்கத்தைவிடப் பெரிய சொத்து இல்லை என்ற முடிவுக்கு அவள் வந்திருந்தாள். ஊருக்குத் திரும்பி, சந்தைக்கு எதிரே மாமாவுக்குச் சொந்தமான ஒற்றை அறைக் கடையில், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, இலவம் பஞ்சைக் கொட்டை நீக்கி அடித்து, மெத்தையும் தலையணையும் தைத்து அடுக்கினாள். அவள் மெத்தையில் முதுகை வைத்தவர்கள் பேச்சைப் பாதியில் விட்டுவிடுவார்கள். ஆனால் முதுகை வைக்க ஆள் வர வேண்டுமே.

மாமா கெடு வைத்திருந்தார். “கார்த்திகை பொறக்குற வரைக்கும் பாப்பேன். ஈ ஓட்டிக்கிட்டுதான் இருப்பேன்னா கடையப் பூட்டி செல்போன் கடைக்காரனுக்கு விட்டுருவேன். நீ கம்பெனிக்கே போயிரு.” அவர் கெட்டவர் இல்லை. பவளத்துக்குக் காது குத்தியபோது மடியில் உட்கார வைத்துக்கொண்டவர், அவள் அப்பா இறந்தபோது எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர். ஆனால் சொன்னால் செய்துவிடுவார்.

கடைப் பலகையை எழுதியதும் அவர்தான். மேலே பெரிதாக, ‘சமூகச் செம்மல், வர்த்தகர் சங்கச் செயலாளர், தாய்மாமன் பி.டி.கே. வீரபுத்திரன் அவர்களின் நல்லாசியுடன்’. அதற்குக் கீழே உன்னதத் தரம், குறைந்த விலை, இலவம் பஞ்சு மெத்தை, தலையணை, மற்றும் சீர்வரிசைக் கட்டில், தவணை வசதி உண்டு, பழையது புதுப்பித்துத் தரப்படும். அதற்கும் கீழே ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’ என்று சொந்தபந்தம் அத்தனை பேரின் முகமும் பெயரும். ‘பவளம்’ என்பது சித்தப்பா ஒருவரின் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் பலகை என்றால் அப்படித்தான். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டார் அடுத்த விசேஷத்துக்கு வர மாட்டார்கள், ஒரு பெயர் ஓரடி கீழிறங்கினால் வந்தும் சாப்பிட மாட்டார்கள்.

சொற்கள் நடக்கத் தொடங்கி இரண்டு வாரம் கடந்தும் பவளம் கடைக்கு ஆள் வரவில்லை. பார்க்கிறார்கள், நின்று வாசிக்கிறார்கள், சொற்கள் திபுதிபுவென்று இறங்கி அவர்கள் பின்னால் போகின்றன, அத்தோடு சரி. அவை எங்கேதான் போகின்றன என்று பார்த்துவிட வேண்டும் என்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றியது. வராத பேருந்துக்காகக் காத்திருந்த நேரத்தில் பலகையை மேலிருந்து கீழ்வரை ஒன்று விடாமல் வாசித்துவிட்டு வீட்டுக்கு நடந்த மாவுமில் தங்கராசுவின் பின்னால் சொற்கள் போக, சொற்களின் பின்னால் பவளம் போனாள்.

சந்தை முக்கு திரும்புவதற்குள்ளேயே, காற்றுக்கு லேசான ‘இலவம் பஞ்சு’ எழும்பி ஒரு வேப்பமரத்தில் ஒட்டிக்கொண்டது. ‘உன்னதத் தரம்’ மிட்டாய்க் கடைக்கு முன்னால் இன்னொரு ‘உன்னதத் தர’த்தைப் பார்த்து நின்றது. நகைக்கடையின் உன்னதத் தரமும், பம்புசெட்டுக் கடையின் உன்னதத் தரமும் வந்து சேர்ந்தன. எல்லாம் ஒரே அச்சு. யார் யாருடையது என்று அவற்றுக்கே தெரியவில்லை, கும்மாளமாகச் சேர்ந்துகொண்டு மிட்டாய்க் கடைக்குள்ளேயே போய்விட்டன. ‘குறைந்த விலை’யும் அப்படித்தான் ஒரு பாத்திரக் கடைக் கூட்டத்தோடு தொலைந்தது. ‘தவணை வசதி’ மிக்சி விற்கும் இடத்தில் உறவு கொண்டாடிக்கொண்டு தங்கிவிட்டது. ‘பவளம்’ பொடியாக இருந்ததால் குழாயடித் தேங்கலைத் தாண்ட முடியாமல் கரையில் நின்று கத்தியது. பவளம் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தங்கராசு வீட்டு வாசலைத் தொட்டபோது மிச்சமிருந்தவை பெரிய எழுத்தில் மாமாவின் பெயர், எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்திருந்த ஓர் ‘உண்டு’, அவ்வளவுதான்.

தங்கராசுவின் மனைவி முறத்தோடு வெளியே வந்து பார்த்தாள்.

“யாருங்க இது, வீரபுத்திரன்? என்ன உண்டுங்கிறாரு?”

“பந்தியா இருக்கும். அவுக வீட்ல ஏதோ கல்யாணம்.”

“எப்பன்னு போடலையே.”

“நமக்குச் சொல்ல இஷ்டமில்லையோ என்னமோ.”

“அப்ப எதுக்கு வாசல்ல வந்து நிக்கிறாரு? போகச் சொல்லுங்க.”

பவளம் வேலியோரம் நின்று இதைக் கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடிக்கும்போது பயம் வந்தது, ஏனென்றால் கார்த்திகை பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஊரே தலைகீழாகத் தெரிந்தது. இத்தனை சொற்கள் இத்தனை வீட்டுக்குப் போகின்றன, எந்த வீட்டிலும் எந்தக் கடைக்காரர் என்ன விற்கிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனாலும் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். கடைக்கு வந்ததும் தன்னிடம் உண்மையில் சொல்ல என்ன இருக்கிறது என்று யோசித்தாள். கையிலிருந்த தலையணையைத் தைத்து முடிப்பதற்குள் யோசனை முடிந்துவிட்டது.

பேனர் கடை ஜெயசீலன் தன் பெரியம்மாவைக்கூட அக்கா என்று கூப்பிடுகிறவர். பலகையில் உள்ளங்கை அளவு வெற்றிடம் இருந்தாலும் அவருக்கு மனம் ஆறாது. பவளம் எழுதிக் கொடுத்ததை முன்னும் பின்னும் பார்த்தார்.

“என்னக்கா இது, மிச்சம் எங்க?”

“அவ்வளவுதாண்ணே. பவளம் மெத்தை. நல்லாத் தூங்குங்க.”

“நாலே நாலு சொல்லா? வெத்தாக் கெடக்கும்க்கா. ஓரத்துல ரோஜாப்பூ ஒண்ணு போட்டு விடவா?”

“வேணாம்ணே.”

“மயிலு?”

“மயிலுக்கும் மெத்தைக்கும் என்னண்ணே இருக்கு?”

“மயிலுக்கும் சிமெண்டுக்கும்தான் ஒண்ணும் இல்ல. கேக்குறாங்க, போடுறோம். சரி, போன் நம்பராவது…”

“கடை சந்தைக்கு எதுத்தாப்புல இருக்கு. கண்ணு இருந்தாப் போதும்.”

ஜெயசீலன் கணினியை விட்டு எழுந்து வந்து கதவைச் சாத்தினார். “மாமா பேரு இல்லையேக்கா. அது இல்லாம அடிச்சேன்னு தெரிஞ்சா என்னைச் சங்கத்துல பிரிச்சு மேஞ்சிருவாரு.”

“நீங்க அடிச்சதுன்னு ஓரத்துல பொடியா உங்க பேரு போடுவீங்கள்ல? அதையும் எடுத்துருங்க. யாரு அடிச்சான்னு தெரியாது.”

“என் பேருமா?” ஜெயசீலனுக்கு வாய் மூடவில்லை. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் பெயர் இல்லாத ஒரு பலகை ஊருக்குள் ஏறியதில்லை. நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெள்ளைத் துணியில் சாயம் போட மறந்துவிட்டதைப் போன்ற அந்தப் பலகையை அடித்துக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா அதை விரித்துப் பார்த்ததும் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். “எங்கண்ணன் பேரு இல்லாம ஒரு போர்டு தொங்குறதுக்கு என் சேலையக் கிழிச்சுத் தொங்கவிடுடீ. அந்த மனுசன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

“மாமா பேரு எல்லா வீட்டுக்கும் போகுதும்மா. போயி நிக்குது. யாரும் உள்ள கூப்பிட மாட்டேங்குறாங்க. நேத்து ஒரு வீட்ல போகச் சொல்லிட்டாங்க. நான் பாத்தேன்.”

அம்மாவுக்குச் சுருக்கென்றது. “எங்கண்ணனையா?”

“ஆமா.”

“யாருடீ அவ?” என்று அம்மா கேட்டாள், பவளம் பெயரைச் சொன்னதும் பலகையைக் கீழே வைத்துவிட்டுத் தங்கராசு வீட்டுக்குச் சண்டைக்குப் போய்விட்டாள். அவள் திரும்பி வருவதற்குள் பவளம் பலகையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள்.

இதே நாட்களில் வீரபுத்திரன் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஊரில் மற்றவர்கள் வாசிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டிருந்தபோது, அவரால் மட்டும் முடியவில்லை. எந்தப் பலகையைக் கண்டாலும் தன் பெயர் இருக்கிறதா, இருந்தால் எத்தனையாவது, யாருக்கு மேலே, யாருக்குக் கீழே என்று கடைசி எழுத்து வரை பார்த்தாக வேண்டும். அதனால் ஊரிலேயே அதிகச் சொற்கள் அவர் பின்னால்தான் வந்தன. மந்தை போல வந்தன. கூடம் நிறைந்து, அடுப்படி நிறைந்து, அரிசி டிரம்முக்குள்ளும் இறங்கிவிட்டன, எல்லாம் படுத்துக்கொண்டு எந்நேரமும் முணுமுணுத்தன. பவளத்தின் அத்தை ராமுத்தாய் ஒரு மதியம் கடைக்கு வந்து மெத்தைமேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“வீட்டுக்குள்ள கால் வைக்க எடமில்லத்தா. தலகாணிக்கு அடியில ‘உறுதியான சிமெண்ட்’ கெடக்கு. உங்க மாமா கண்ணு மூடிப் பத்து நாளாச்சு. படுத்தா, ஒரு பக்கம் கம்பி விக்கிறவன், ஒரு பக்கம் காது குத்துறவன். எந்திரிச்சு எந்திரிச்சு, ‘என் பேரை யாரோ தப்பாச் சொல்றான் பாரு’ங்கிறாரு.”

“வாசிக்காம இருக்கச் சொல்லுங்கத்தை.”

“மூச்சு விடாம இருங்கன்னு சொல்லலாம், இருந்தாலும் இருப்பாரு” என்றாள் ராமுத்தாய். அடுத்து ஏதோ சொல்ல வந்து, அதற்குள் மெத்தைமேல் சாய்ந்து தூங்கிப்போனாள்.

கார்த்திகைக்கு முந்தைய வியாழக்கிழமை, சந்தை நாள். விடிந்ததும் பவளம் பழைய பலகையை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றினாள். வெங்காய மூட்டைகளும் கருவாட்டுக் கூடைகளும் வந்து இறங்கிய சந்தை வாசலில், ஆயிரம் சொற்கள் ஆயிரம் பேரைத் துரத்திக்கொண்டிருந்த அந்த இரைச்சலுக்கு நடுவே, வெள்ளைப் பரப்பில் நான்கு சொற்கள் சும்மா இருந்தன. வானத்தைப் பார்த்து நடந்தவர்கள்கூட, என்ன அங்கே ஒன்றுமில்லாமல் இருக்கிறதே என்று திரும்பினார்கள். திரும்பிய மாத்திரத்தில் வாசித்து முடித்திருந்தார்கள். இறங்கிய நான்கும் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு, மிட்டாய்க் கடைப் பக்கம் திரும்பாமல், குழாயடித் தேங்கலை ஒரே எட்டில் தாண்டி, வீட்டுக்குப் போயின. போனவை வாசலில் படுக்கவில்லை. நேரே உள்ளே போய்ப் படுக்கையைத் தட்டிப் போட்டுவிட்டு, அதன் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்து, முணுமுணுக்காமல் இருந்தன. அந்த வீடுகளில் சந்தைப் பையைக் கீழே வைத்த கையோடு மனிதர்கள் கொட்டாவி விட்டார்கள். பிறகு தங்கள் பழைய தலையணையை ஒரு முறை தூக்கிப் பார்த்தார்கள்.

முதலில் வந்தது தங்கராசுவின் மனைவி. “ஏத்தா, உங்கம்மா நேத்து எங்க வீட்டு வாசல்ல வந்து அந்த ஆட்டம் ஆடுச்சு. அப்பவும் நீங்க என்ன கடை வச்சிருக்கீங்கன்னு சொல்லல. இந்த நாலு சொல்லுதான் இப்ப வந்து சொல்லுச்சு. ரெண்டு தலகாணி குடு.” அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். அவர்களுக்குப் பின்னால் வீரபுத்திரன்.

கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. காலையிலிருந்து வாசித்த அத்தனை சொற்களும் பின்னால் பாதி சந்தைக்கு நீண்டு நின்றன. அவர் சட்டென்று நின்றதில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

“என் பேரு எங்க?”

அவர் பலகையை வாசித்தார். கீழே பார்த்தார், ஓரங்களைப் பார்த்தார், ஜெயசீலன் பெயர் இருக்க வேண்டிய மூலையைக்கூடப் பார்த்தார். பலகையைத் தூக்கி அதன் முதுகையும் பார்த்தார். வாசிக்க வேறெதுவும் இல்லை. நான்கு சொற்கள் இறங்கி அவர் காலடியில் வந்து நின்றன.

“தாய்மாமன் பேரையே எடுத்துட்டியா? எடுத்துட்டு, ஊரைத் தூங்கச் சொல்றியா?” பையிலிருந்து பூட்டை வெளியே எடுத்தார். “வெளிய வா. கார்த்திகையும் வேணாம் ஒண்ணும் வேணாம். இப்பவே பூட்டுறேன்.”

திருப்பூர் விடுதியின் குழல்விளக்கு ஒரு கணம் பவளத்தின் கண் முன்னால் எரிந்தது. ஆனால் மாமாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. “பூட்டிக்கங்க மாமா. இவங்க தலகாணிக்கு மட்டும் வாயைத் தச்சுக் குடுத்துட்டு வந்துடுறேன். கேட்டு வந்துட்டாங்க. அதுவரைக்கும் உக்காருங்க.”

கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது வர்த்தகர் சங்கச் செயலாளருக்கும் முறையாகப் படவில்லை. “சீக்கிரம்” என்று சொல்லி, பூட்டைக் கையில் பிடித்தபடி, வாசலோரம் கிடந்த மெத்தையின் நுனியில் உட்கார்ந்தார். நான்கு சொற்களும் மெத்தைமேல் ஏறின. ‘நல்லா’ அவர் முதுகுப் பக்கம் போயிற்று. ‘தூங்குங்க’ அவர் மடியில் தலை வைத்தது. அவர் பின்னால் மந்தையாக வந்தவை, சிமெண்டும் கம்பியும் உன்னதமும் உண்டும் எல்லாமாக, வாசலில் நின்று அவரையே பார்த்தன, ஒவ்வொன்றாக முணுமுணுப்பை நிறுத்தின. பத்து நாளுக்குப் பிறகு முதல் முறையாக வீரபுத்திரனின் காதில் எதுவும் விழவில்லை. அவர் ஆச்சரியப்பட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயோடு சாய்ந்தார்.

குறட்டை அப்படி ஒன்றும் பெரிதில்லை, ஆனால் சந்தை முழுக்கக் கேட்டது, ஏனென்றால் சந்தை அமைதியாகிவிட்டிருந்தது. வெங்காய ஏலம் போடுகிறவர், தொண்டைக்குப் பெயர் போனவர், ஏலத்தைச் சைகையில் நடத்தினார். கருவாட்டுக்காரிகள் பேரத்தைக் காதோடு காதாகப் பேசினார்கள். ஆடு விற்க வந்தவர் ஆட்டின் வாயைப் பொத்திக்கொண்டார். மினி பஸ் டிரைவர் மேட்டிலேயே இஞ்சினை அணைத்துவிட்டு, பள்ளத்தில் உருட்டியே சந்தையைத் தாண்டினார், பயணிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். சிரிப்பு வந்தவர்கள் முந்தானையையும் துண்டையும் வாயில் திணித்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓடிப்போய்ச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள், பார்க்க இடம் போய்விடுமே என்று.

ராமுத்தாய் வந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். “எவனாவது எழுப்புனீங்க, என்னைப் பத்தித் தெரியும்” என்று கூட்டத்திடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, பத்து நாளில் முதல் முறையாக வீட்டுக்குள் கூட்டிப் பெருக்கக் கிளம்பினாள். அம்மாவும் வந்தாள். அண்ணன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள், கால் பவளம் போர்த்திவிட்ட போர்வைக்குள் இருந்தது. உட்கார்ந்து விசிறத் தொடங்கினாள், விசிறியபடியே விடிந்தது.

வீரபுத்திரன் கண் விழித்தபோது வெயில் வாசலுக்கு வந்திருந்தது. எதிரே சாலையில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள், சத்தம் வரக் கூடாதென்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

“தச்சு முடிச்சிட்டியா?” என்றார்.

“முடிச்சிட்டேன் மாமா.”

“மணி என்ன?”

“எட்டு.”

“எட்டாகியும் இருட்டலையே?”

“விடிஞ்சு எட்டு மாமா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். பூட்டு இன்னும் கையில்தான் இருந்தது, உள்ளங்கையில் அதன் வடிவம் பதிந்திருந்தது. அதைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், சாலையில் நின்ற முகங்களைப் பார்த்தார். பவளம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“இவுகெல்லாம் எதுக்கு நிக்கிறாக?”

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. “உங்களத்தான் மாமா பாக்குறாங்க. பாத்துட்டு மெத்தை கேக்குறாங்க.”

“என்னையா?” அவர் குரல் இறங்கியது. “நான்னு எல்லாருக்கும் தெரியுதா? எங்கயும் பேரு போடலையே.”

“யாருக்கு மாமா தெரியாது?”

வீரபுத்திரன் மீசையை இரண்டு பக்கமும் தடவிக்கொண்டார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு பூட்டைப் பவளத்தின் கையில் கொடுத்துவிட்டு, மெத்தையைத் தட்டிக் காட்டினார்.

“இதை ரோட்டுப் பக்கமாத் திருப்பிப் போடு. மூஞ்சி சரியாத் தெரியட்டும்.”

பவளமும் அம்மாவும் ஆளுக்கொரு முனை பிடித்து, அவரோடு சேர்த்து மெத்தையைத் திருப்பினார்கள். அவர் முகத்தைத் தெருவுக்குக் காட்டிப் படுத்து, நெஞ்சின்மேல் கைகளைக் கோத்துக்கொண்டு, கண்களை மூடினார். மூச்சு ஒரே சீராக வந்ததும், பவளம் வாசலில் முன்னால் நின்றிருந்தவரை உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினாள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“சிங்கிளா, டபுளாண்ணே?”